வேலியில் ஒரு கை

ஜூலை 7

இல்லை, கரண்ட் கொடுக்கவில்லை. யார் கேட்டாலும் இதே பதில்தான். வேர்க்கடலைக் கொல்லையைச் சுற்றி அண்ணன் ஜெகன் கட்டியது பன்றிக்கான வெறும் கம்பிவேலி. மோட்டார் கொட்டகை ஒயர் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனாலும் இன்று சோற்றுப் பையை அதில் மாட்டப்போன சொக்கம்மாள் கையை உதறிக்கொண்டு நின்றாள். எங்கள் கொல்லையில் களையெடுக்க வருபவள்.

"யாரோ கைய புட்சாங்க பாப்பா."

போன வருஷம் அந்த வேலியோர வரப்பில்தான் அவள் கணவர் வேதகிரியைப் பாம்பு கடித்தது. பிழைக்கவில்லை.

ஜூலை 9

மேலே டவர் லைன், உயரழுத்த மின்கம்பிகள். கீழே வேலி. நடுவில் காற்று. கல்லூரியில் இரண்டு சின்னக் கோடுகளாக வரைந்த மின்தேக்கி, இங்கே கொல்லை நீளத்துக்கு. Q = CV. தொடாமலேயே வேலியில் மின்னூட்டம் வருகிறது. மேலே மின்சாரத்தின் திசை மாற மாறக் கீழேயும் மாறுகிறது, நொடிக்கு ஐம்பது சுற்று.

எழுதியதும் நிம்மதி. கொஞ்ச நேரம்.

ஜூலை 10

ஜெகன் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, கம்பிக்கும் கல்தூணுக்கும் நடுவில் சுற்றுகிறான். ரப்பர் கரண்டை நிறுத்துமாம்.

"நிறுத்தாதுண்ணா, இறங்க விடாம வெச்சிருக்கும். மண்ணோட சேர்த்துடு."

"எர்த் குட்த்தா மண்ணு பூரா கரண்டு ஏறி ஆடு மாடு சாவறதுக்கா? எம்மெஸ்ஸி படிச்சிட்டு வந்து பேஜார் பண்ணாத."

ஜூலை 13

சொக்கம்மாள் இப்போதெல்லாம் வந்ததும் நேராக வேலிக்குத்தான் போகிறாள். விரலை வைக்கிறாள்.

"இன்னா சொக்கம்மா, ஊட்டுக்காரரு இன்னா சொல்றாரு?" என்றான் ஜெகன்.

"உன்ன எவளாவது கட்டிக்கினாளான்னு கேக்குறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் வந்து, மெதுவாக: "நடுங்கிக்கினே புடிக்கிறாரு பாப்பா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறப்போ வண்டில அப்படித்தான் புட்சிக்கினு வந்தாரு."

ஐம்பது ஹெர்ட்ஸ். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை 14

சாயங்காலம் சொக்கம்மாளைக் கூட்டிப்போய் ஒரு பழைய டியூப் லைட்டை லைனுக்குக் கீழே தூக்கிப் பிடித்தேன். எதிலும் மாட்டாமல், என் கையில், வெள்ளையாக எரிந்தது.

"பாருக்கா. காத்துலயே இருக்கு. அவரு இல்ல."

அண்ணாந்து லைனைப் பார்த்தாள்.

"அப்போ காத்துல கீறாருன்ற."

டியூப்பை இறக்கினேன். லைன் இரைந்துகொண்டிருந்தது. நானும் காதுகொடுத்து நின்றேன் — எதற்கு?

ஜூலை 18

லைனை ஒட்டியே ஏரிக்கரை வரைக்கும் வேலியை நீட்டிவிட்டான் ஜெகன். அதே ரப்பர் டியூப்போடு.

I = 2πfCV. நீளம் கூடினால் C கூடும். C கூடினால் I, தொடுபவர் உடம்பில் இறங்கும் கரண்ட். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த விரல் விரியாது.

கணக்குப் போட்டேன். அந்தப் பத்து தூரத்தில் இல்லை.

ஜூலை 20

சொக்கம்மாள் முகமெல்லாம் மண். சிரிப்பு.

"இன்னிக்கு விட மாட்டேன்னுட்டாரு பாப்பா! கால் மடங்கி வியுந்தப்போதான் கை வந்துச்சி. நாளைக்கு ரெண்டு கையாலும் புடிக்கப்போறேன்."

அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

ரெண்டு கை. காலுக்கு எறங்குற வழியில நெஞ்சு. ஐயோ. அண்ணன்கிட்ட சொன்னா கேக்கமாட்டான். இவகிட்ட சொன்னா — இன்னான்னு சொல்றது? உன் புருஷன் உன்னக் கொன்னுடுவாருன்னா? சந்தோஷமா போவா.

ஜூலை 21

விடிந்ததும் போனேன். நீள இரும்புக் கம்பிகளை அங்கங்கே கடப்பாரையால் மண்ணில் அடித்து, தண்ணீர் ஊற்றி, ஒயரைக் கட்டினேன். முதலில் மண், பிறகு வேலி, வரிசை மாறக்கூடாது. காய்ந்த மூங்கிலால் ஒயரின் மறுமுனையை வேலியில் மாட்டும்போது சின்ன நீலப் பொறி. அவ்வளவுதான். தொட்டுப் பார்த்தேன். வெறும் கம்பி.

சொக்கம்மாள் வந்தாள். இரண்டு கையையும் வைத்தாள். எடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி.

"நான்தான்கா எர்த் போட்டேன்."

கம்பியை நீவிக்கொண்டிருந்தாள்.

"அவரு கை சில்லுன்னு ஆயிடுச்சி பாப்பா."

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கடப்பாரையை வரப்பில் போட்டுவிட்டு அவளுக்கு அடுத்த சாலில் நானும் உட்கார்ந்தேன். வெயில் ஏறும்வரை களையெடுத்தேன்.