கொடுக்கு கட்டிய நண்டு

அன்புள்ள அய்யாவுக்கு,

பரோடாவில் நான் சுகம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் கோபமும் குறைந்தனவா? இதைப் போனில் சொன்னால் சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சிற்ப வகுப்பில் களிமண் நண்டு செய்து சூளையில் சுட்டேன். நீங்கள் பிடித்த நண்டை மீன் ஏலத்துக்குக் கட்டுவதுபோலவே இரண்டு கொடுக்கையும் செம்புக் கம்பியால் கட்டினேன். பேராசிரியர் சுற்றிச்சுற்றி வந்து, "பெண்ணின் அடிமைத்தனம்!" என்று கண்கலங்கினார். "கடிக்காமல் இருக்கத்தான் சார் கட்டினேன்" என்று உண்மையைச் சொன்னேன். அதற்கும் எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்போது பேராசிரியர் கட்டில்லாத நண்டு ஒன்று செய்யச் சொல்கிறார். கட்டு அவிழ்த்த நண்டை நான் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்றை அவிழ்த்துவிட்டு வீடியோ எடுத்து அனுப்புங்கள். விரல் பத்திரம். "ஏலே, ஓடாம நில்லுலே" என்று நண்டை அதட்டுவீர்களே, அந்தச் சத்தமும் வீடியோவில் வேண்டும்.

மண் காய்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
முருகலட்சுமி