காண்க: நொண்டாத நொண்டி

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, மாடுகளிடம் உதைபடாமல், சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுத உட்கார்ந்தேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிற மனுஷனுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. உன்னிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய், தாளில் என்றால் நான் முடிக்கும் வரை உன்னால் குறுக்கே பேச முடியாது, அவ்வளவுதான்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடையை எதிர் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். புதுக் கடையில் அலமாரிகள் கூரை வரை போகின்றன, இருமல் மருந்தை எந்தப் புண்ணியவானோ உச்சித் தட்டில் வைத்துவிட்டான், வாங்க வந்தவர் இருமிக்கொண்டே நிற்க இவள் ஏணியைத் தேடிக்கொண்டு அலைகிறாள். ஏணி ஏறி இறங்கியதில் முழங்கால் வலி போய்விட்டது என்கிறாள், அதையும் எந்த மருத்துவப் புத்தகத்திலாவது சேர்த்துவிடலாம். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நான்தான் சரிசெய்தேன் என்று போன வாரம் உன்னிடம் சொன்னது பொய், குழாய்க்காரர் வந்து செய்தார், இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளும் முதல் குற்றம் இது. எனக்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள். இப்போது புள்ளி வைத்த ஒற்றும் வைக்காத ஒற்றும் ஒரு முழம் தள்ளியிருந்தாலும் தெரிகிறது, அதனால் வீட்டில் சண்டை கொஞ்சம் கூடியிருக்கிறது.

வேலைக்குக் குறைச்சல் இல்லை. இந்த வருஷம் மட்டும் மண் பொறியியல், ஒப்பந்தச் சட்டம், பல் மருத்துவம், தேனீ வளர்ப்பு என்று நான்கு தடிப் புத்தகங்கள் இந்த மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. உனக்குத் தெரியும், நான் எதிலும் நிபுணன் இல்லை, எல்லாப் புத்தகத்துக்கும் கடைசிப் பக்கங்களில் மட்டும் சொந்தக்காரன். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகரவரிசையில் சொல்லும் சொல்லடைவு, அதுதான் நம் ராஜ்ஜியம். நடுவில் ஒரு பதிப்பகத்தார் இதற்கு ஆள் எதற்கு, கம்ப்யூட்டரே செய்யும் என்று ஓர் அணைக்கட்டுப் புத்தகத்தை அதனிடம் கொடுத்தார்கள். அது 'ஆறு' என்ற தலைப்பின் கீழ், ஓடுகிற ஆற்றையும், ஆறு மாதத்தையும், ஆறு அங்குலக் கம்பியையும், கலவை ஆறும் வரை காத்திருக்கச் சொன்ன பக்கத்தையும் ஒன்றாகக் கொட்டி எழுபத்திரண்டு பக்க எண் கொடுத்திருந்தது. அழுதுகொண்டே என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் சிரிக்காமல் வாங்கிக்கொண்டேன், அவர்கள் தெருமுனை திரும்பும் வரை சிரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், நான் இதுவரை வேலை செய்யாத ஒரு பதிப்பகத்திலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். அவர்களுக்கு வழக்கமாகச் சொல்லடைவு போடுகிறவருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டதாம், கால்நடை மருத்துவக் கையேடு ஒன்று பாதியில் நிற்கிறதாம். அங்கே சட்டம் கொஞ்சம் கறார். அச்சுப்படிகளில் ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டுத்தான் எனக்கு அனுப்புவார்கள், ஆசிரியரும் நானும் நேரில் பேசக்கூடாது, சந்தேகமோ சண்டையோ எல்லாம் பதிப்பாசிரியரான அந்த அம்மாள் வழியாகத்தான். முன்பு ஓர் ஆசிரியர் சொல்லடைவுக்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டு தன் பெயரைப் பத்தொன்பது இடத்தில் சேர்க்க வைத்தாராம், அதிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. எனக்கு என்ன, சரி என்று வாங்கிக்கொண்டேன்.

அறுபத்தோராம் பக்கம் வரை அது எனக்கு இன்னொரு புத்தகம்தான். அந்தப் பக்கத்தில் குளம்பு அழுகல் நோயின் தொடக்கத்தைப் பற்றி ஒரு பத்தி. இந்த நிலையில் மாடு நொண்டாது, ஆனால் காலை யோசித்து யோசித்து வைக்கும், இதை நொண்டாத நொண்டி என்று சொல்லலாம், என்று எழுதியிருந்தது. என் பேனா அப்படியே நின்றுவிட்டது. ஏழு வயதில் பரீட்சை நாள் வந்தாலே ஒரு குட்டிக் கழுதை படுக்கையறையிலிருந்து அடுப்படி வரைக்கும் காலை யோசித்து யோசித்து வைத்து வரும், நொண்டினால் டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவார்கள் என்று நொண்டவும் செய்யாது, அதற்கு நான் வைத்த பெயர் அது. இந்த உலகத்தில் மூன்றே மூன்று பேருக்குத்தான் அந்தச் சொல் தெரியும். அதில் இரண்டு பேர் இந்த வீட்டில் இருக்கிறோம், மாட்டைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ எழுதுறேன்ப்பா, முடிஞ்சா சொல்றேன் என்று போன வருஷம் நீ வாயை மூடிக்கொண்டது ஞாபகம் வந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். தாள் நனைந்துவிடும் அல்லவா.

அப்போதே அந்த அம்மாளைக் கூப்பிட்டு இது என் மகள் புத்தகம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலையைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். முப்பத்தோரு வருஷமாக ஊரார் புத்தகத்துக்கெல்லாம் அடைவு போட்ட எனக்கு உன் புத்தகத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. சொல்லவில்லை. இது இரண்டாம் குற்றம்.

வந்தது வினை. குடற்புழு மருந்தின் பெயரை அடைவில் எழுதும்போது அது இரண்டு பக்கங்களில் வந்தது. 212-இல் கன்றுக்குப் பத்துக் கிலோ எடைக்கு ஒரு மில்லி. 388-இல், பின்னிணைப்பு அட்டவணையில், ஒரு கிலோவுக்கு ஒரு மில்லி. எழுதுகிறவர் ஒரு பக்கத்தை மழைக்காலத்திலும் இன்னொன்றை வெயில் காலத்திலும் எழுதியிருப்பார், இரண்டும் ஒரே வரியில் பக்கம் பக்கமாக உட்காருவது அடைவு போடுகிறவன் கண்ணில்தான். இது அலமாரியில் அழகுக்கு நிற்கப்போகிற புத்தகம் இல்லை, தொழுவத்தில் சாணம் மிதித்த செருப்போடு நின்று ஒருவர் அவசரமாக 388-ஐப் புரட்டுவார், எழுதியிருப்பதை அப்படியே அளந்து கன்றின் வாயில் ஊற்றிவிடுவார், பத்து மடங்கு. கன்றும் போகும், உன் பேரும் போகும்.

முறைப்படி பதிப்பாசிரியருக்குக் குறிப்பு எழுதினேன். மூன்றாம் நாள் உன் பதில் வந்தது. 212-இல் சொன்னது குடிக்கிற மருந்து, 388-இல் சொன்னது ஊசி, இரண்டும் ஒன்றல்ல, சொல்லடைவு போடுகிறவர் சொல்லடைவைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று. அடேயப்பா! அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, கூடவே பெருமையும் வந்தது, யார் பிள்ளை இது என்று. ஆனாலும் மருந்து விஷயத்தில் நான் யார்? அம்மாவிடம் யாருடைய புத்தகம் என்று சொல்லாமல் அந்தத் தாளை மட்டும் நீட்டினேன். அவள் அட்டவணையின் தலைப்பில் விரலை வைத்து, இதோ போட்டிருக்கே, குடிக்கக் கொடுக்கும் அளவுன்னு, ஊசி எங்கேருந்து வந்துச்சு, என்றாள். அடுத்த நொடி என்னை ஏற இறங்கப் பார்த்து, மாட்டு மருந்துக்கு எதுக்குங்க உங்க முகத்துல இந்தத் திருட்டு முழி, யார் எழுதினது இது, என்றாள். அறுபத்தோராம் பக்கத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு விக்கல் வரும் வரை சிரித்தாள். சிரித்து முடித்ததும், உடனே அவளைக் கூப்பிட்டு நேரா ஒரு வார்த்தை சொல்லுங்க, கன்னுக்குட்டி சாகப்போகுது, சட்டம் பேசிட்டு இருக்கீங்க, என்று பிடித்துக்கொண்டாள். நான் மாட்டேன் என்றேன். நான் சொன்னால் அப்பா சொன்னார் என்று திருத்திவிடுவாய். அது உன் புத்தகம், உன் கண்ணால் பார்த்து நீ திருத்த வேண்டும். கடைசித் திருத்தம் புதன்கிழமை, செவ்வாய் சாயங்காலம் வரை பார்ப்பது, அதற்குள் பதில் வராவிட்டால் சட்டமாவது ஒன்றாவது, கூப்பிட்டுவிடுவது என்று உடன்பாடு. வெள்ளிக்கிழமை இரண்டாவது குறிப்பு போனது, ஆசிரியர் பார்வைக்கு முடித்த சொல்லடைவும் கூடவே போனது. அட்டவணையின் தலைப்பை ஆசிரியர் அருள்கூர்ந்து ஒரு முறை படிக்கவும் என்று எழுதினேன். அந்த 'அருள்கூர்ந்து' கொஞ்சம் காரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது ஞாபகம் இருக்கிறதா? வேலையில யாரோ ஒரு பெரிசும்மா, முகம்கூடத் தெரியாது, குத்தம் கண்டுபிடிச்சே உயிரை வாங்குது, என்று அம்மாவிடம் புலம்பினாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தது. அந்தப் பெரிசு பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. அம்மா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள், பால் பொங்குகிறது என்று நான் சமாளித்தேன், பாலே இல்லை அன்றைக்கு. பிறகு நான் போனை எடுத்து, அந்த ஆள் சொல்றது ஒருவேளை சரியா இருந்தா என்னம்மா பண்ணுவே, என்று கேட்டேன். சரியா இருக்காதுப்பா, என்றாய். அம்மா என்ன சமைத்தாள் என்று பேச்சை மாற்றினாய். பிறகு, பார்க்கிறேன், என்றாய். நான் அப்படிக் கேட்டது விதிமீறல் என்றால் மீறல்தான், மூன்றாம் குற்றமாக எழுதிக்கொள்.

திங்கட்கிழமை முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். செவ்வாய் மத்தியானம் பதில் வந்தது, இரண்டே வரி. முதல் வரியில், அவர் சொல்வது சரி, நான் சொன்னது தவறு, 388-ஐத் திருத்திவிட்டேன், அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள், என்று இருந்தது. கண்ணு, நீ முதல் வகுப்பில் தேறிய நாளிலும் பட்டம் வாங்கிய நாளிலும் நான் மகிழ்ந்திருக்கிறேன், ஆனால் 'நான் சொன்னது தவறு' என்று நீ எழுதிய அந்த வரிக்கு அவை இரண்டும் உறைபோடக் காணாது. அம்மா கடையில் இருந்தாள், அங்கேயே போய்ச் சொன்னேன், ஏணியின் மேல் நின்றபடி கைதட்டினாள், இருமிக்கொண்டிருந்தவர் ஒருவர் காரணம் தெரியாமலே கூடத் தட்டினார்.

இரண்டாம் வரி என் மூக்கை உடைத்தது. சொல்லடைவில் 'நொண்டாத நொண்டி' என்று தேடினால் 'குளம்பு அழுகல், தொடக்கம் காண்க' என்கிறது, அங்கே போனால் 'நொண்டாத நொண்டி காண்க' என்கிறது, இப்படி அலைந்தால் நோய் தெரிவதற்குள் மாடு செத்துப்போகும், என்று எழுதியிருந்தாய். எடுத்துப் பார்த்தால் ஆமாம்! பக்க எண்ணே இல்லை! இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. புதிதாக வேலைக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு, நான் முப்பத்தோரு வருஷத்தில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. அந்தச் சொல்லை ந எழுத்தில், 'நோய்' என்பதற்கு மேலே எழுதும்போதெல்லாம் சிரிப்பு வந்து, படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பிள்ளை நடந்துவருவதையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எண் எங்கே ஞாபகம் வரும்? அருள்கூர்ந்து 61 என்று சேர்த்து அனுப்பினேன்.

இன்று காலை அச்சடித்த புத்தகம் தபாலில் வந்தது, சொல்லடைவுக்காரருக்கு ஒரு பிரதி என்று அந்த அம்மாள் அனுப்பியிருந்தார். அட்டையில் உன் பெயர். முன்னுரை என்னிடம் வந்ததே இல்லை, இன்றுதான் பார்க்கிறேன். பின்னிணைப்பில் நான் விட்ட பெரும் பிழையைப் பிடித்து, நான் சீறியபோதும் விடாமல் நின்ற பெயரறியாத சொல்லடைவுக்காரருக்கு நன்றி, பிடிவாதத்தில் அவர் என் அப்பாவுக்கு அண்ணனாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அண்ணன் இல்லை என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வாய்விட்டு அழுதேன், சந்தோஷமாகத்தான் அழுதேன். அடுத்த வரியில், மருந்தை அளந்து ஊற்றக் கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு என்று போட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அவள், நான் சரியாத்தான் கத்துக்கொடுத்தேன், பத்து மடங்கு இவளாச் சேர்த்துக்கிட்டது, என்கிறாள், ஆனால் அந்தப் பக்கத்தைக் கடைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். பதிப்பாசிரியர் அம்மாளையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முன்னுரையைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, இனிமே உங்க வீட்டுல யார் புத்தகம் எழுதினாலும் முன்னாடியே சொல்லிடுங்க சார், என்றார்.

நீ ஒரு பார்சல் அனுப்பியிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாய். அம்மா ஆச்சரியப்படுவதற்குக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறாள், சகிக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது அந்த ஞாயிறு முடிந்திருக்கும், நாங்கள் போட்ட கூச்சலையும் நீ கேட்டிருப்பாய். அதை நடிப்பு என்று நினைத்துவிடாதே. எத்தனை தடவை பிரித்தாலும் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம் அதில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். தொழுவத்துக்குப் போனால் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள், சோம்பல்படாதே. முகம் தெரியாத ஆள் குற்றம் சொன்னால் முதலில் தலைப்பைப் படி, பிறகு சீறு. முன்னுரையின் மூன்றாம் பத்தியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, மறுபதிப்பில் மறக்காமல் சேர். நீ நூறு வயது நன்றாக இருந்து, இன்னும் பத்துத் தடிப் புத்தகம் எழுதி, ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெரிசிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
சொல்லடைவுக்காரர்.
காண்க: அப்பா.