பெட்டர் என்ற சொல்லும் ஒரு பந்தயக் கதையும்

ஜூலை 2, புதன்
காலையிலிருந்து சாரல். கால் முட்டுக்குத் தைலம்.
ஞாயிறு நூலக வாசகர் வட்டத்தில் என் முறை. வாரம் ஒரு ஆங்கிலச் சொல். பேசியவர் பெயரோடு விளக்கம் கரும்பலகையில் ஒரு வாரம் நிற்கும். என் சொல் ‘பெட்டர்’. நாலு பக்கக் குறிப்பு. சங்கரன் சாரிடம் பார்க்கக் கொடுத்தாயிற்று. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் எட்டாங்கிளாஸ், பீடிக் கம்பெனியில் லேபிள் ஒட்டியவன். இருபது வருஷப் பழக்கம்.

ஜூலை 4, வெள்ளி
ஜும்மா முடிந்து நூலகம். பெரிய அகராதி. ‘பெட்டர்’ தேடினேன். ‘பெட்’ என்றால் பந்தயம், ஜெயித்தவன் ‘பெட்டர்’ என்று எழுதியிருந்தேன். தப்பு. ராதாபுரம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்து நானாகக் கட்டியது. பரிகாரம், குணமாக்குவது என்ற பொருளுள்ள பழைய சொல் ஒன்றுதான் ‘பெட்டரு’க்கு உறவு. ‘குட்’டுக்கும் அதற்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. “காய்ச்சல் இப்ப பெட்டர்” என்கிறோமே, அதுதான் பழம்பொருளுக்குப் பக்கம்.
சாருக்கு இரண்டு தடவை ஃபோன். எடுக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு
நூலகத்துக்குப் போகும் தச்சநல்லூர் பஸ் தாமதம். உள்ளே நுழைந்தால் சார் பேசிக்கொண்டிருக்கிறார். என் வரிகள். என் மாட்டுவண்டி. “நானே ஆராய்ந்து கண்டது.” கைதட்டல், சால்வை. பலகையில் அவர் பெயர்.
வாசலில் மறித்தேன்.
“என்ன சார் இது?”
“பாய், நீரு சொன்னா எவன் வே கேப்பான்? நான் சொன்னா நிக்கும்லா.”
“அந்தப் பந்தயக் கதை தப்பு சார்.”
“கைதட்டுன பெறவு என்ன வே தப்பு? பைய வீட்டுக்குப் போம்.”
தோளில் தட்டினார். சால்வை என் மூக்கில் உரசியது. புதுத்துணி வாசம்.

ஜூலை 7, திங்கள்
மகளிடம் எல்லாம் சொன்னேன்.
மகள் சொல்லுதாள்: “தப்பு அவரு தலையிலேயே கிடக்கட்டும் வாப்பா. நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சா அவருக்குத்தான கேவலம். நீங்க வாயத் தொறக்காதிய.”
நியாயம். வாயைத் திறந்தால் கேவலம் எனக்கு.
ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டு போகும்.

ஜூலை 8, செவ்வாய்
மழை விட்டிருந்தது. முதல் பஸ். பலகையில் ஒரு திருத்தம் எழுத நூலகர் அம்மாவிடம் சாக்பீஸ் கேட்டேன். “ஏன் அண்ணாச்சி, சார்ட்ட கேட்டியளா?”
“கேட்டாச்சு.”
சாரின் பெயரை அழிக்கவில்லை. அடியில் எழுதினேன்:
‘பந்தயக் கதை தவறு. இந்தத் தவறு சங்கரன் சார் செய்ததல்ல. முழுக்க என்னுடையது. காதர் மைதீன், மேலப்பாளையம்.’