மழைக்கு வந்த லேப்டாப்

அணுசக்தி நகர்,
14 ஜூன் 2024

அன்புள்ள மாரிசெல்விக்கு,

நலம். மாமா, அத்தை, நீ எல்லாரும் சுகம்தானே? தாராவியில் உங்கள் வாசல்வரை தண்ணீர் வந்ததாகக் கேள்விப்பட்டேன். கல்யாணப் புடவைகளையும் உன் லேப்டாப்பையும் முன்கூட்டியே எங்கள் மூன்றாம் மாடிக்கு அத்தை அனுப்பிவைத்தது நல்லதாயிற்று. எதுவும் நனையவில்லை.

ஒரு விஷயம். போனில் கேட்டால் உன் வீட்டில் ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள், அதனால் எழுதுகிறேன். தங்கச்சி பேராச்சியின் காலேஜ் வேலைக்காக லேப்டாப்பைத் திறந்தால், உள்ளே ஏதோ ஒன்று தனியாகப் பூட்டியிருக்கிறது. உன் பெயரைப் போட்டேன். இசக்கியம்மன் என்று போட்டேன். உங்கள் ரூம் நம்பரையும் போட்டேன். கடைசியில் என் பெயரைப் போட்டேன். அதற்கும் திறக்காததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பக்கத்தில் நின்ற அம்மா, "என்னத்தலே அந்தப் புள்ள பூட்டி வச்சிருக்கா?" என்கிறாள். பாஸ்வேர்டை எழுதி அனுப்பு.

அன்புடன்,
ஹரி


தாராவி,
18 ஜூன்

அன்புள்ள அத்தானுக்கு,

லேப்டாப்பை நனையாமல் வைத்திருப்பதற்கு நன்றி. கோபத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு காட்டலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. நான்கு தடவை போட்டுப் பார்த்த நேரத்தில் என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

உள்ளே இருப்பது என் டைரி. பத்தாம் வகுப்பில் நான் நோட்டில் எழுதியதை, விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் கணேசபாண்டியன் அண்ணன் நாடகம் மாதிரி வாசித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். கதவைச் சாத்திக்கொள்ள எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.

இந்தப் பூட்டை நானே தேடி எடுத்தேன். முதலில் பார்த்த இலவச மென்பொருள் போன் நம்பர் கேட்டது, மெயில் கேட்டது, டைரியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறேன் என்றது. அண்ணனே தேவலை என்று விட்டுவிட்டேன். இதற்கும் காசில்லை, ஆனால் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இது எப்படிச் செய்யப்பட்டது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் டைரியைத் திறக்க என்னால் மட்டும்தான் முடியும். பாஸ்வேர்டு மறந்தால் எனக்கும் போச்சு. தெரிந்துதான் எடுத்தேன்.

நீங்கள் தினமும் அணுசக்தி மையத்துக்கு வேலைக்குப் போகும்போது போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். உள்ளே என்ன வேலை என்று நான் கேட்டேனா?

இப்படிக்கு,
மாரிசெல்வி


அணுசக்தி நகர்,
22 ஜூன்

அன்புள்ள செல்விக்கு,

உன்னைக் கேட்காமல் தொட்டது தப்புதான். ஆனால் அம்மா கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். "பூட்டோட வார பொண்ணு நமக்கு எதுக்குல?" என்று நிற்கிறாள். நான் படிக்க மாட்டேன், சத்தியம். அம்மா கண் முன்னால் ஒரு தடவை திறந்து மூடிவிடு, போதும். என் நிலைமையையும் யோசி.

ஹரி


தாராவி,
25 ஜூன்

அன்புள்ள அத்தானுக்கு,

யோசித்தேன். திறக்க மாட்டேன். இன்றைக்கு அத்தைக்காகத் திறந்தால், நாளைக்கு யார் முகம் சுளித்தாலும் திறக்கச் சொல்வீர்கள்.

உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. டைரியிலும் எழுதியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன். பூட்டு தேவைப்படாத விஷயம் அது. பத்திரிகை நின்றால் நிற்கட்டும், அழுதுவிட்டு எழுந்துகொள்வேன். ஜூலை ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துப்போக நானே வருகிறேன்.

மாரிசெல்வி


அணுசக்தி நகர்,
2 ஜூலை

அன்புள்ள செல்விக்கு,

கேட்டில் போனைக் கொடுக்கும்போதெல்லாம் நீ கேட்டதுதான் ஞாபகம் வருகிறது. உன் கடைசிக் கடிதம் கிடைத்த அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "ஆபீஸ்ல நான் என்ன செய்யுதேன்னு நீ என்னைக்காவது கேட்டிருக்கியாம்மா?" என்றேன்.

"அது கவர்மென்ட் ரகசியம்லா."

"இது அவ ரகசியம்மா. திறக்கச் சொல்லி இனி நானும் கேக்க மாட்டேன், நீயும் கேக்கக் கூடாது."

இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. நேற்று குழம்பை ஊற்றிக்கொண்டே, பத்திரிகை எத்தனை அடிக்க வேண்டும் என்று கேட்டாள். இன்று காலையில் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா, ஆனால் எடுத்துப்போக அல்ல. நம் அறை அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, செம்பூரில் பூட்டு வாங்கிப் போட்டேன். லேப்டாப் அதற்குள் இருக்கிறது. கடைக்காரர் இரண்டு சாவி கொடுத்தார். இரண்டும் இந்தக் கவரில் இருக்கின்றன.

உன்,
ஹரி