பெருமாள் மச்சானின் கிளாரினெட்

அஞ்சலை,

சட்டியில் கஞ்சி இருக்கிறது, நெத்திலிச் சம்பலும் இருக்கிறது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று கேட்டில் சோறு கொண்டுபோக விடுவதில்லை, அதனால் நான் வேலை முடிந்து வந்துதான் சாப்பிடுவேன். நீ காத்திருக்காதே. உனக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை என்று வேலைக்கு ஆள் எண்ணும் மண்டோரிடம் சொல்லிவிடுகிறேன்.

நேற்று உன் கையிலிருந்து பிடுங்கிய கிளாரினெட் பெட்டிமேல் இருக்கிறது. உன் அண்ணன் பெருமாள் மச்சானைப் போலீஸ் பிடித்துப்போனதால் நீ அதைத் தொடுவதே எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாய். அப்படி இல்லை. நீ வாசலில் உட்கார்ந்து, எப்படிப் பிடிப்பது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வேலியோரம் காவல் நின்ற தங்கராஜு அதைத் துப்பாக்கி என்று நினைத்து, தன் துப்பாக்கியை உன் பக்கம் தூக்கிவிட்டான். நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பயத்தில்தான் அப்படிக் கத்தினேன்.

காலையில் அவனிடம் விசாரித்தேன். “ஊதுற குழலா அண்ணே? நானே பயந்துட்டேன்லா!” என்றான். மத்தியானம் வருவான். குழலை அவனிடம் காட்டு.

இனி உள்ளே உட்கார்ந்து பழகு. நீ கையை மாற்றிப் பிடிக்கிறாய். இடது கை மேலே, வலது கை கீழே. பின்னால் இருக்கும் கொக்கி வலது கட்டைவிரல்மேல் உட்காரட்டும், பாரம் அங்கேதான். மற்ற விரல்களை விறைப்பாக வைக்காதே, எலுமிச்சம்பழத்தைப் பிடித்ததுபோல் வளைந்திருக்கட்டும். மச்சான் அப்படித்தான் பிடிப்பார்.

சடையன்

கட்டைவிரல் வலிக்கும். கொக்கியில் துணி சுற்றியிருக்கிறேன். உன் பழைய ரவிக்கைதான், திட்டாதே.

இல்லை, திட்டு. நேற்று நான் கத்தியதிலிருந்து நீ என்னோடு பேசவே இல்லை. சாயங்காலம் நான் வந்ததும் எதையாவது பேசு.