கீழ்பென்னாத்தூரில் நீங்கள் தேடிய கால்

அக்கா மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு, நான் மண்டபத்துக்குள் நுழைவதற்குள் குதிகாலைக் கடித்துவிட்டது. மறுநாள் வேங்கிக்கால் கிளினிக்கில் நர்ஸ் பெண் பழுப்பு பாட்டிலைத் திறந்தாள். அயோடின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, மேடம். "ரொம்ப வலிக்குதா சார்? கண்ணு கலங்குது" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

தொண்ணூறுகளில் நம் நர்ஸிங் பள்ளியில் நீங்கள் ஆசிரியை, நான் கிளார்க். ஊர்ச் செய்திகளைச் சுடச்சுட உங்கள் அறைக்குக் கொண்டுவருவதுதான் என் முக்கிய வேலை. "வேலைய முடிச்சிட்டு வம்பு பேசுங்க" என்பீர்கள். சொல்லிக்கொண்டே நாற்காலியை என் பக்கம் தள்ளுவீர்கள்.

அப்போது நீங்கள் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் பௌர்ணமி கிரிவலத்தில் வெறுங்காலோடு மலை சுற்றினால் பாதத்தில் புண் வந்ததே தெரிவதில்லை. தங்கள் பாதத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள அவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது உங்கள் கேள்வி. பௌர்ணமிக்கு மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் நின்று, ஊர் திரும்புகிறவர்களின் பாதத்தைப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். மாணவிகளை அனுப்ப விடுதியில் அனுமதியில்லை. நான் போகிறேன் என்று முன்வந்தேன்.

"காலு எதுக்குங்க உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நான் டீக்கடைக்குள் ஏறினேன். மீதிப் படிவங்களில் என் மாமனார் வகையறாவின் பெயர்களை எழுதி, ஆளுக்கொரு கொப்புளம் கொடுத்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று, கீழ்பென்னாத்தூரில் ஒரு பெரியவரைப் படைத்து, அவர் கட்டைவிரலுக்கு அடியில் எலும்பு தெரிகிற அளவுக்குப் புண் வைத்தேன். பல பௌர்ணமிகள் இப்படியே போயின.

ஒரு சனிக்கிழமை அந்தப் படிவம் உங்கள் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை கட்டுத்துணியும் மருந்தும் எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டீர்கள். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டீர்கள்.

"எந்தத் தெருங்க அவரு? ரேஷன் கடைல கூட கேட்டுட்டேன். இப்படியே வுட்டா கால எடுத்துடுவாங்க."

"அப்படி ஒருத்தர் இல்ல மேடம்."

"வேற ஊரா?"

"எந்த ஊர்லயும் இல்ல. நானா எழுதினேன்."

நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டீர்கள். "அப்ப யாருக்கும் கால் போகல" என்றீர்கள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. எது நிஜம், எது என் கற்பனை என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மொத்தப் படிவக் கட்டும் குப்பைக்குப் போனது. "கவனக்குறைவு என்னுடையது, முதலிலிருந்து தொடங்குகிறேன்" என்று வழிகாட்டிப் பேராசிரியருக்கு எழுதினீர்கள். என் பெயர் அந்தக் கடிதத்தில் இல்லை; தட்டச்சு செய்தவனே நான்தான்.

மறுபடி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது நீங்களும் வந்தீர்கள். தரையில் உட்கார்ந்தீர்கள். ஒரு விவசாயி காலை இழுத்துக்கொண்டார். "வேணாம்மா, நீங்க தொட்டா எனக்குப் பாவம்."

"மலைய சுத்திட்டு வந்த காலுங்க. எனக்குக் கொஞ்சம் புண்ணியம் குடுத்தா உங்களுக்குக் கம்மியாயிடுமா?"

அவர் சிரித்துக்கொண்டே காலை நீட்டினார்.

அந்த வருடம்தான் உங்கள் அப்பா தவறினார். துக்கம் கேட்க வந்த நான் இரண்டு காபி குடித்து, யார் யார் வரவில்லை என்று பார்த்துவைத்துக்கொண்டு திரும்பினேன்.

பிறகு பட்டம் வந்தது. முதல்வர் ஆனீர்கள். கைக்கண்ணாடி வைத்துப் பாதம் பார்க்கும் உங்கள் முறையைப் படிக்க வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். "நாங்க ரெண்டு பேரும் பண்ண ஆராய்ச்சி" என்று நான் டீக்கடையில் அளந்துகொண்டிருந்தேன்.

போன வருடம் உங்கள் காரியத்தன்று உங்கள் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பா படுக்கைல இருந்துக்கினு தினம் கேப்பாரு, பட்டம் எப்பம்மான்னு. பாத்துட்டுத்தான் போவேன்னாரு. அக்கா அடுத்த வருஷம்பா, அடுத்த வருஷம்பான்னே சொல்லிச்சு. இன்னா தடங்கல்னு கேட்டா கம்முனு இருந்துடும்" என்றார். பிறகு, "சாப்ட வாங்க" என்று எழுந்து போனார். நான் போகவில்லை.

இந்த ஊரில் எனக்குத் தெரியாத வீட்டுக்கதை இல்லை என்று பீற்றிக்கொண்டவன் நான். தினமும் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் இது என் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டீர்கள். இப்போதும் ஏதாவது செய்தி கிடைத்தால் எழுந்து உங்கள் அறை வாசல்வரை போய்விடுகிறேன். உள்ளே வேறொருவர் இருக்கிறார், நல்ல மனுஷிதான்.

அந்தத் தடங்கல் யார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, மேடம். சொன்னால் மனசு லேசாகிவிடும் என்கிறார்கள். ஆக வேண்டாம்.