பதினேழாம் எண் சத்தம்

ஜூன் 9, செவ்வாய்
அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

அண்ணனின் சிந்தசைசரைத் தொட்டுவிட்டேன், எல்லா வாத்தியச் சத்தமும் வரும் அந்தக் கீபோர்டை. "எலி, தொடாதே" என்று எழுதி அதன் நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறான். எலி நான்தான். பதினேழாம் எண்ணில் அவன் சேமித்திருந்த குழல் சத்தத்தை வாசித்தேன். குமிழ்களைத் திருகினேன். பழையபடி ஆக்க ஒரு பொத்தானை அழுத்தினேன். அது சேமிக்கிற பொத்தான். அவன் குழல் போச்சு. அந்த இடத்தில் ஏதோ கீச்சென்கிறது.

ஜூன் 10
ஒரு படத்தின் பின்னணி இசையைக் கம்ப்யூட்டர் இல்லாமல், ஒவ்வொரு வாத்தியமாகக் கையாலேயே வாசித்துப் பதிந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் ஓர் இசையமைப்பாளர். பிடித்தால் அண்ணனுக்கு வேலை. திங்கள் கடைசி நாள். அந்தக் குழலை உண்டாக்கவே அவனுக்கு ஒரு மாதம் ஆயிற்று. கச்சேரிக்குப் போயிருக்கிறான், சனி காலை வருவான்.

ஹெட்போன் ஒயரை அறுத்ததற்கே ஒரு வாரம் பேசவில்லை. இதற்கு?

ஜூன் 11
அம்மாவின் போனில் அவன் ஒத்திகை வாசித்தது இருக்கிறது. பதினெட்டு நொடி. அதைக் கேட்டுக் கேட்டுத் திருகினேன். முதலில் கொசு. பிறகு குக்கர் விசில். ஆறு மணிக்குக் குழல் மாதிரி ஒன்று. அதற்குள் அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஜூன் 12
கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் அவனுடையது முடியும்போதுதான் நடுங்கும். என்னுடையது ஆரம்பத்திலேயே நடுங்குகிறது. எந்தக் குமிழ் என்று தெரியவில்லை. அப்படியே சேமித்துவிட்டேன்.

சொல்லிடலாமா?

ஜூன் 13, சனி
வந்ததும் பதிய உட்கார்ந்தான். ஆறு வாத்தியம் முடிந்தது. ஏழாவது குழல். இரண்டு சுரம் வாசித்து நிறுத்தினான். கதவோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இது என்னோடது இல்லையே."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு மாச வேலைடி."

கத்தவில்லை. கத்தித் தொலைச்சிருக்கலாம். வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

ஜூன் 14
மதியம் வரை குமிழ்களைத் திருகித் திருகிப் பழைய குழலைத் தேடினான். கிடைக்கவில்லை. பிறகு என் சத்தத்திலேயே வாசித்தான், நான்கு நிமிடம் ஒரே மூச்சில். இரண்டு தடவை தப்பி, மூன்றாவதில் சரியாக வந்தது.

ஜூன் 15
அனுப்பிவிட்டான். பதில் இன்னும் இல்லை. என்னோடும் பேச்சில்லை.

அவன் குளிக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். தொடவில்லை. சிந்தசைசர் மேல் அவன் வைத்திருக்கும் சத்தங்களின் பட்டியலில், பதினேழுக்கு எதிரே "குழல்" கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் புது மையில்:

எலியின் நடுக்கம். அழிக்கக் கூடாது.